அந்த மேசைக்கு மேலே உள்ள டியூப்லைட்

சேலத்து நூலகங்களைப் பராமரிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு பற்றவைக்கும் தொழிலாளி நான். பகலெல்லாம் தீக்கு எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறேன். கண்ணுக்கு ஒன்றும் ஆவதில்லை. மாலையில் உங்கள் வாசிப்பு அறை ஒன்றில் நாளிதழை விரித்தால், கால் மணி நேரத்தில் எழுத்துகள் நெளிகின்றன. வலது புருவத்துக்கு மேலே சிறு சுத்தி தட்டத் தொடங்குகிறது. வீட்டுக்குப் போய் இருட்டில் படுத்தால்தான் அடங்கும்.

மேசைக்கு மேலே, இரு முனையும் கறுத்த டியூப்லைட். விளக்குக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பழைய இரும்புச் சோக்கின் இரைச்சல். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் இவ்வகை விளக்கு நொடிக்கு 100 முறை மங்கித் தெளிகிறது. முனைகள் தேய்ந்தால் 50 முறைத் துடிப்பும் சேர்ந்துகொள்ளும். அதன் கீழே ஒரு பேனாவை வேகமாக ஆட்டிப் பாருங்கள். ஒன்று பலவாகத் தெரியும். இங்கிலாந்தில் அலுவலக ஊழியர்களிடம் நடத்தி 1989-இல் வெளியிட்ட ஆய்வில், கண்ணுக்கு எட்டாத வேகத்தில் விளக்கைத் துடிக்கவைக்கும் எலக்ட்ரானிக் சோக் பொருத்தியபோது தலைவலியும் கண்சோர்வும் சராசரியாகப் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தன.

இதைச் சொன்னபோது அங்கிருந்த ஊழியர், “செல்போன் டவர் கதிர்வீச்சாக இருக்கும்” என்று சிரித்தார். நானும் ஒரு காலத்தில் அதை நம்பி, செல்போனைத் தலைமாட்டிலிருந்து அடுப்படிக்கு மாற்றியவன்தான். அலாரம் கேட்காமல் பட்டறைக்குத் தாமதமாகப் போனதுதான் மிச்சம். செல்போன், டவர் போன்றவற்றின் அலைகள் உடம்புக்கு ஆகவில்லை (மின்காந்த ஒவ்வாமை) என்று வருந்துவோரின் வேதனை உண்மையானது, ஆனால் அதை மின்காந்தப் புலத்தோடு இணைக்க அறிவியல் அடிப்படை இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2005-இல் சொன்னது. இதில் பின்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு எங்களை மனநோயாளி ஆக்கிவிடுகிறார்கள். டவரைப் பற்றி எனக்குப் புகாரே இல்லை. என் வழக்கு விளக்கோடு.

கறுத்த டியூப்களைக் கழற்றுங்கள், சோக்கை மாற்றுங்கள். எல்.இ.டி. வாங்குவதானால் விலையை மட்டும் பார்க்காதீர்கள். மட்டமான டிரைவர் (உள்ளே மின்சாரத்தைச் சீராக்கும் பாகம்) உள்ள எல்.இ.டி.யும் அதே 100 முறை துடிக்கும், சில சமயம் டியூப்லைட்டைவிடக் கடுமையாக. செல்போன் கேமராவில் பார்த்தால் பல நேரம் கோடுகள் ஓடும், கடையிலேயே சோதித்துக்கொள்ளலாம்.

அதுவரை, சேர்வராயன் மலை தெரியும் ஜன்னலோர மேசையையாவது எங்களுக்கு விடுங்கள். இப்போது அதன்மேல் பழைய நாளிதழ்க் கட்டுகள் கிடக்கின்றன. எடுத்துவைக்க ஆள் இல்லையென்றால், பட்டறை விடுமுறையன்று நானே வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்