வெயிலை எழுதினீர்கள், தூசியை விட்டுவிட்டீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமீரகத்தின் சூரிய மின்சாரம் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். அபுதாபியின் இரண்டு பெரிய சூரிய மின் நிலையங்களான ஸ்வெய்ஹானில் 1,177 மெகாவாட், அல் தஃப்ராவில் 2,000 மெகாவாட் என்ற எண்களெல்லாம் சரிதான். கூடவே போட்ட படத்தில் பேனல்கள் பளபளவென்று நீலமாக இருந்தன. துடைத்த அன்றைக்கே எடுத்த படமாக இருக்கும்!

அபுதாபிப் பக்கம் சோலார் சைட்டுகளில் ஒன்பது வருடமாகப் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். "வெயிலுக்குக் குறைவில்லாத நாட்டில் மின்சாரத்துக்கு என்ன குறை" என்று கேட்பவர்கள் ஒரு தடவை விடிகாலையில் இங்கே வந்து பேனலைத் தொட்டுப் பார்க்க வேண்டும். பாலைவனம்தான், ஆனால் ராத்திரியில் வளைகுடாவின் ஈரக்காற்று வந்துவிடும். பகலெல்லாம் படிந்த பொடிமணல் அந்த ஈரத்தில் குழைந்து, வெயில் ஏறியதும் சிமெண்டுப் பூச்சு மாதிரி இறுகிக்கொள்ளும். விரலால் தேய்த்தால் வராது. அவசரப்பட்டுச் சுரண்டினால் கண்ணாடி மேலிருக்கும் பூச்சும் சேர்ந்து போய்விடும். தூசிப்புயல் அடித்த மறுநாள் கம்ப்யூட்டரில் உற்பத்திக் கோடு படுத்துக் கிடக்கும்; வெளியே வானத்தில் ஒரு மேகம் இருக்காது.

தண்ணீர் அடித்துக் கழுவலாமே என்று ஊரில் கேட்கிறார்கள். இங்கே குடிக்கிற தண்ணீரே கடல்நீரைச் சுத்திகரித்து வருவது; அதற்கும் மின்சாரம் வேண்டும். அதனால்தான் 32 லட்சம் பேனல் உள்ள ஸ்வெய்ஹானில் ரோபோ பிரஷ்கள் தண்ணீரில்லாமல் துடைக்கின்றன. எங்கள் சைட்டிலும் ரோபோதான். அது ராத்திரி பாதி வரிசையில் சிக்கி நின்றால் டார்ச்சோடு ஓடுவது நாங்கள். தமிழ்நாட்டில் எங்கள் ஊர்ப் பக்கத்துக் கமுதி சூரிய மின் நிலையத்திலும் ரோபோ உண்டு, ஆனால் அங்கே ஐப்பசி மழையாவது வந்து கழுவிக் கொடுக்கும்.

வெயில் ஏற ஏற மின்சாரமும் ஏறும் என்று எழுதியிருப்பதும் முழுக்கச் சரியில்லை. பேனலின் திறனைக் கணக்கிடுவது 25 டிகிரி சூட்டில். ஜூலை மதியத்தில் பேனலின் சூடு 65 டிகிரியைத் தாண்டும். கூடுகிற ஒவ்வொரு டிகிரிக்கும் திறனில் 0.3 முதல் 0.4 சதவீதம் வரை போய்விடும்.

அல் தஃப்ராவுக்கு 2020-இல் யூனிட் 1.35 அமெரிக்க சென்ட்டுக்கு மின்சாரம் தருவதாக ஏலம் கேட்டார்கள் என்று வியந்திருக்கிறீர்கள். வெயில் மட்டும் அதற்குக் காரணமில்லை. நிலத்துக்குப் பிரச்சினையில்லை, கடனுக்கு வட்டி குறைவு, மின்சாரத்தை நீண்ட காலத்துக்கு வாங்கிக்கொள்ள அரசு நிறுவனமே கையெழுத்துப் போடுகிறது. எங்கள் சம்பளமும் அந்த 1.35-க்குள்தான் அடக்கம், ஆசிரியரே.

கட்டுரையாளர் அடுத்த முறை ஆகஸ்டில் வரட்டும். மதியம் 12.30 முதல் 3 மணி வரை வெளி வேலைக்குத் தடை, அப்போது உட்கார்ந்து பேச நேரம் கிடைக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
முசஃபா, அபுதாபி.