போர்யே சால்மிங்குக்கு மூன்று வரி போதாது

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற வார இதழில் விளையாட்டுப் பக்கத்தின் அடியில் மூன்று வரியில் ஒரு செய்தி போட்டிருந்தீர்கள். ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் அணியின் முன்னாள் ஐஸ் ஹொக்கி வீரர் போர்யே சால்மிங் 2022 நவம்பர் 24ஆம் திகதி சுவீடனில் காலமானார், வயது 71 என்று. அவ்வளவுதான். அதே பக்கத்தில் கட்டாரில் நடந்த உதைபந்தாட்ட உலகக் கிண்ணத்துக்கு அரைப்பக்கம் இருந்தது. அதைக் குறை சொல்லவில்லை, நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் ரொறன்ரோவில் அச்சாகிற ஒரு தமிழ்ப் பத்திரிகை இந்த மனிதரை மூன்று வரியோடு விட்டது எனக்குச் சரியான மனவருத்தம்.

நான் 1985 மார்கழியில் இங்கே வந்து சேர்ந்தேன். இரண்டாவது மாதமே கார்ல்ட்டன் வீதிப் பக்கம் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவும் வேலை கிடைத்தது. லீஃப்ஸ் ஆடிய மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் அரங்கு அந்த வீதியில்தான் இருந்தது. ஆட்டம் முடிந்த இரவுகளில் சனம் நீலச் சட்டைகளோடு வந்து கடையை நிரப்பிவிடும், எங்களுக்குக் கோப்பைகள் மலையாகக் குவியும். அதற்கு முன் ஹொக்கி என்றால் எனக்குப் புல்தரையில் ஆடுவதுதான் தெரியும்.

எங்களோடு வேலை செய்த சமையற்காரர் போர்த்துக்கல்லின் அசோர்ஸ் தீவுகளிலிருந்து வந்தவர், என்னைவிட இருபது வயது மூத்தவர். 1986 நவம்பர் கடைசியில் ஒரு நாள் அவர் பத்திரிகை ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தார். அதில் இருந்த படத்தைப் பார்த்து எனக்கு வயிற்றைப் பிரட்டியது. ஒரு மனிதனின் முகம் கண்ணுக்கு மேலே தொடங்கி வாயோரம் வரை தைத்திருந்தது. 26ஆம் திகதி டிற்றொயிற் அணியோடு நடந்த ஆட்டத்தில் சால்மிங் கோலுக்கு முன்னால் விழுந்துவிட்டார். எதிரணியின் ஜெரார்ட் கலன்ற் தெரியாமல் ஐஸில் சறுக்கும் கத்தி பூட்டிய ஸ்கேற் சப்பாத்தோடு அவர் முகத்தில் மிதித்துவிட்டார். 200க்கு மேற்பட்ட தையல். "இவனும் உன்னைப்போல வெளியிலிருந்து வந்தவன்தான்" என்றார் சமையற்காரர். அந்தக் கதையை அவர் அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னார், நான் அரைகுறையாக விளங்கிக்கொண்டேன். மிச்சத்தைப் பிந்திய ஆண்டுகளில் தேடி வாசித்தேன்.

சால்மிங் பிறந்தது சுவீடனின் வடகோடியில், கிருணா என்ற இரும்புச் சுரங்க ஊரின் பக்கம். தகப்பன் அந்த நிலத்தின் பூர்வ குடிகளான சாமி இனத்தவர், சுரங்கத் தொழிலாளி. போர்யேக்கு ஐந்து வயதாக இருக்கும்போது சுரங்கத்திலேயே இறந்துபோனார். அண்ணன் ஸ்டிக்கும் ஹொக்கி ஆடியவர். தம்பி பிறகு யெவ்லே நகரத்துப் பிரினேஸ் அணிக்குப் போய், 1971இலும் 1972இலும் சுவீடன் சம்பியன் பட்டம் வென்ற அணியில் ஆடினார். ரொறன்ரோவிலிருந்து போன ஆள்தேடுநர் ஜெரி மக்னமாரா உண்மையில் பார்க்கப் போனது வேறொருவரை, ஒரு கோல்காப்பாளரை. பார்த்த ஆட்டத்தில் சால்மிங் கோபத்தில் நடுவரைத் தள்ளி, வெளியேற்றப்பட்டார். மக்னமாரா எழுந்து பின்னாலேயே போய், உடைமாற்றும் அறையில் வைத்து, ரொறன்ரோவுக்கு வந்து ஆட விருப்பமா என்று கேட்டாராம்.

1973இல் அவரும் நண்பரான சுவீடன் வீரர் ஹம்மார்ஸ்ட்றோமும் சேர்ந்து ரொறன்ரோவுக்கு வந்தார்கள். அப்போது லீஃப்ஸ் ஆடுகிற வட அமெரிக்க ஹொக்கி லீக்கான என்எச்எல்லில் ஏறக்குறைய எல்லாருமே கனடாப் பிள்ளைகள். ஐரோப்பாக்காரன் அடிதடிக்குப் பயந்தவன், இந்த ஆட்டத்துக்கு உதவமாட்டான் என்பதுதான் பேச்சு. கோழைச் சுவீடன்காரர் என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். மட்டையால் கணுக்காலில் வெட்டுவதும், பக் என்கிற ரப்பர் வட்டு அவரிடம் இல்லாதபோதும் ஐஸைச் சுற்றியுள்ள பலகையோடு சேர்த்து இடிப்பதும் ஒவ்வோர் இரவும் நடந்தது. பிலடெல்பியா அணி அதில் முன்னுக்கு நின்றது. எனக்கு இன்றைக்கும் வலிப்பது இன்னொன்று. சொந்த அணியின் உரிமையாளர் ஹரோல்ட் பலார்டே, ஹம்மார்ஸ்ட்றோம் சட்டைப்பையில் அரை டசின் முட்டையோடு, இடிபடுகிற மூலைக்குள் போனாலும் ஒன்றும் உடையாது என்று பகிரங்கமாகச் சொன்னார். எதிரி சொன்னால் தாங்கலாம். ஹம்மார்ஸ்ட்றோம் நான்கு பருவங்களோடு ரொறன்ரோவை விட்டுப் போனார்.

சால்மிங் நின்றார். அவர் பின்வரிசை வீரர், டிஃபென்ஸ். எதிரணி அடிக்கிற பக் கல்லுப்போல இறுகிய ரப்பர், அதைத் தடுக்க உடம்பைக் குறுக்கே போட்டு விழுவார். எழுந்து அதே பக்கை எடுத்துக்கொண்டு மறுபக்கம் வரை ஓடுவார். 1976இல் கிண்ணத்துக்கான பிளேஓஃப் சுற்றில் பிலடெல்பியாவோடு ரொறன்ரோவில் நடந்த ஆட்டம் ஒன்றில் அவரைப் பிடித்து அடித்தார்கள். ஒன்ராறியோ சட்டமா அதிபர் அடித்தவர்கள் மேல் வழக்கே போடும் அளவுக்கு அது போனது. அடுத்த ஆட்டத்தில் சால்மிங் தனியே பாய்ந்து போய், அந்தக் காலத்தின் மிகச் சிறந்த கோல்காப்பாளர்களில் ஒருவரான பேர்னி பரென்ற்றைத் தாண்டிக் கோல் போட்டார்.

ஆசிரியர் அவர்களே, இனிச் சொல்லப்போவதற்காகத்தான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். அதே 1976 செப்ரெம்பரில் கனடாக் கிண்ணப் போட்டி நடந்தது. நாடுகள் மோதுகிற போட்டி. சால்மிங் சுவீடனின் மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டு மேப்பிள் லீஃப் கார்டன்ஸில் இறங்கினார். வீரர்களின் பெயர் வாசிக்கும்போது அவர் பெயர் வந்ததும் ரொறன்ரோ சனம் எழுந்து நின்று கைதட்டியது. நிறுத்தவே இல்லை. வேறு நாட்டுச் சட்டையில் நிற்கிற ஒருவரை இந்த ஊர் தன்னுடையவர் என்று அப்படிச் சொன்னது.

சமையற்காரர் இதைச் சொன்னபோது கையில் கழுவின கோப்பையோடு நின்றது நினைவிருக்கிறது. அந்தக் கடையில் என்னை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிடாத ஒரு மேற்பார்வையாளர் இருந்தார். அவர் கூப்பிட்ட சொல்லை இங்கே எழுத விருப்பமில்லை, 80களில் வந்தவர்களுக்கு அது தெரியும். இந்த நாட்டில் மரியாதையாக இருக்க வேண்டுமென்றால் ஊரை முழுதாகக் கழற்றி வைக்கவேண்டும் என்று அந்த வயதில் நான் உண்மையாகவே நம்பியிருந்தேன். வீட்டுக்கு எழுதுகிற கடிதத்தைக்கூட ஒளித்து வைத்து எழுதுவேன். மஞ்சள் சட்டையோடு நின்ற ஒருவருக்கு இந்தச் சனம் எழுந்து நின்றது என்று கேட்ட அன்று இரவு பேருந்தில் எனக்குள் ஏதோ தளர்ந்தது.

1988 தையில் சமையற்காரர் தனக்கு வந்த ரிக்கெற் ஒன்றை எனக்குத் தந்தார். உச்சியில் சாம்பல் நிற இருக்கை. அங்கிருந்து பார்த்தால் பக் ஒரு மிளகு மாதிரித்தான் தெரியும். லீஃப்ஸ் அப்போது மோசமான அணி, சால்மிங்குக்கும் 36 வயது. முதல் கால்மணி நேரத்திலேயே அவர் பக்குக்குக் குறுக்கே விழுந்தார். நான் எழுந்துவிட்டேன். எழும்ப மாட்டார் என்று நினைத்தேன், எழும்பி ஓடினார். இலக்கம் 21.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். லீஃப்ஸ் அணிக்காக 16 பருவங்களில் 1,099 ஆட்டங்கள். கோலுக்கு வழிசெய்து கொடுப்பதை அசிஸ்ட் என்பார்கள். அவர் கொடுத்தது 620, அந்த அணியின் வரலாற்றில் வேறெவரும் அதை எட்டவில்லை. கடைசிப் பருவம் டிற்றொயிற்றில். பிறகு சுவீடனுக்குத் திரும்பி, 40 வயதில் 1992 ஒலிம்பிக்கிலும் ஆடினார். 1996இல் தலைசிறந்தவர்களைக் கௌரவிக்கும் ஹொக்கி ஹோல் ஒஃப் ஃபேமில் சேர்க்கப்பட்ட முதல் சுவீடன்காரர் அவர். என்எச்எல் சம்பியனுக்குக் கொடுக்கிற ஸ்ரான்லி கிண்ணம் மட்டும் அவர் கைக்கு வரவில்லை. அதை வைத்து அவரைக் குறைக்கிறவர்களோடு நான் கதைக்க மாட்டேன்.

2022 ஓகஸ்ற்றில் அவருக்கு ஏஎல்எஸ் நோய் என்று செய்தி வந்தது. தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்துபோகிற நோய். நவம்பரில் அவரை ரொறன்ரோவுக்கு அழைத்து வந்தார்கள். பேச்சு நின்றுபோய்விட்டது. 11ஆம் திகதி வெள்ளிக்கிழமை, பழைய அணித்தலைவர் டரில் சிற்லர் பக்கத்தில் நின்று அவருடைய கையைப் பிடித்துத் தூக்கி சனத்துக்குக் காட்டினார். சிற்லர் அழுதார். மறுநாள் வன்கூவருடன் நடந்த ஆட்டத்தைப் பயிற்சியாளர் ஆறு சுவீடன் வீரர்களோடு தொடங்கினார், கோல்காப்பாளர் உட்பட. ஒருகாலத்தில் இந்த ஆட்டத்துக்கு உதவமாட்டார்கள் என்று சொல்லப்பட்டவர்களின் பிள்ளைகள். வரவேற்பறையில் நானும் மனைவியும் மகனும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஏனப்பா எல்லாரும் சுவீடன் என்று மகன் கேட்டான். சொல்லத் தொடங்கினேன், முடிக்க முடியவில்லை. அதிலிருந்து பன்னிரண்டாம் நாள் அவர் போய்விட்டார்.

பழைய அரங்கு இப்போது பலசரக்குக் கடை. அரிசி மாவுக்கு நான் அங்கே போக வேண்டிய அவசியமில்லை, ஸ்காபரோவில் எங்கும் வாங்கலாம். என்றாலும் வருடத்தில் இரண்டு தடவை போவேன். ஐஸின் நடுப்புள்ளி இருந்த இடத்தைத் தரையில் சிவப்பு வட்டமாக அடையாளம் வைத்திருக்கிறார்கள். சனம் தள்ளுவண்டியோடு அதைத் தாண்டிப் போகும். சென்ற சனிக்கிழமையும் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

வருகிற இதழ்களில் ஒன்றிலாவது இவருக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். இங்கே பிறந்த எங்கள் பிள்ளைகளுக்கு இவரைத் தெரியாமல் போகக்கூடாது. எழுத ஆள் இல்லையென்றால் என்னால் முடிந்ததை எழுதித் தருகிறேன். 1986 நவம்பரில் சமையற்காரர் தந்த அந்தப் பத்திரிகைப் பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது. மடிப்பில் கிழிந்திருக்கிறது, படம் தெளிவாகவே தெரிகிறது. அலுவலகத்துக்கு நேரே கொண்டுவருகிறேன். பிரதி எடுத்துவிட்டு கையோடு திருப்பித் தந்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
க. ந.
ஸ்காபரோ