கொண்டுவந்த வண்டியிலேயே காலியையும் எடுத்துச் செல்லுங்கள்: குளிர்பான நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி வரும் ஏஜென்சி வண்டி, சென்ற வாரமும் எங்கள் கடைகளில் சரக்கை இறக்கிவிட்டு வெறுமனே திரும்பியது. கட்டி வைத்திருந்த காலி பாட்டில் மூட்டைகளை ஏற்றிக்கொள்ளக் கேட்டதற்கு, தனக்கு அப்படி உத்தரவு இல்லை என்றார் ஓட்டுநர். உத்தரவு தர வேண்டியவர்கள் நீங்கள் என்பதால் இம்மடல்.

கண்ணாடி பாட்டிலை நீங்கள் குறைத்துக்கொண்ட காரணம் எங்களுக்கும் தெரியும். உள்ளிருக்கும் பானத்தைவிட பாட்டில் கனமாக இருந்தது. அரை லிட்டர் பெட் (PET) எனும் பிளாஸ்டிக் பாட்டிலோ 20, 25 கிராமில் அடங்கிவிடுகிறது. அதே லாரியில் கூடுதல் சரக்கு ஏறுகிறது, டீசலும் மிச்சமாகிறது. மறுக்கவில்லை. ஆனால் கண்ணாடிக்கு டெபாசிட் இருந்ததால், நிறைந்த கிரேட்டை இறக்கிய வண்டி காலி கிரேட்டை எண்ணி ஏற்றிக்கொண்டு போனது. இன்று ஏற்றத்தில் உங்களுக்கு லாபமாக இருக்கும் அந்த லேசான எடையே இறக்கத்தில் எங்களுக்கு வினையாகிறது. ஆளுயரச் சாக்கு நிறைய அடைத்தாலும் தராசில் சில கிலோதான் நிற்கும். டீசல் காசுகூடத் தேறாது என்று பழைய பொருள் வியாபாரி மலையேறுவதில்லை. மூடியைக் கழற்றி, காலால் மிதித்துச் சப்பையாக்கி, மறுபடி காற்று புகாதபடி மூடியை இறுக்கி வைக்கவும் பழகிவிட்டோம். மூட்டை சிறுத்ததே தவிர, எடுத்துப்போக ஆள் வரவில்லை. பலத்த மழை பெய்தால் அவை ஓடையில் இறங்கும். அதற்குள் யாரேனும் கொளுத்தினாலும் கொளுத்திவிடுவார்கள்.

விற்ற பிளாஸ்டிக்கின் கழிவுக்கு உற்பத்தியாளரே பொறுப்பு என்னும் 2022-ஆம் ஆண்டு விதிகளை நீங்கள் அறிவீர்கள். வேறெங்கோ மறுசுழற்சி செய்தவரிடம் சான்றிதழ் வாங்கிக் கணக்கை நேர்செய்துகொள்ள அவற்றில் வழி இருப்பதையும் எங்களைவிட நன்றாகவே அறிவீர்கள். காகிதத்தில் எங்கள் மலை பளிச்சென்று இருக்கிறது. அச்சான்றிதழில் ஒரு நகல் அனுப்பினால் ஓடைக்கரையில் ஒட்டி வைக்கிறோம்.

கடுமையாக எழுதிவிட்டதாகத் தோன்றினால் பொறுத்தருள்க. நாங்கள் புதிய வண்டி கேட்கவில்லை; எப்படியும் வெறுமனே இறங்கும் வண்டியில் இடம் கேட்கிறோம். கொண்டுவந்த வண்டியிலேயே காலியையும் எடுத்துச் செல்லுங்கள். பாட்டிலுக்குச் சிறு டெபாசிட் வைத்தால் சுற்றுலா வருவோரே கடையில் திருப்பிக் கொடுப்பார்கள். மதுபாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலியைக் கொடுத்ததும் திருப்பித் தரும் முறை நீலகிரியில் 2022-இலேயே தொடங்கிவிட்டது. அடுத்த லோடு மலையேறுவதற்குள் உங்கள் ஏஜென்சிகளுக்கு எழுத்து மூலம் உத்தரவு அனுப்புமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கொல்லிமலைப் பெட்டிக்கடைக்காரர்களுள் ஒருவன்