ஆப்பிள்டாக்கை விட்டு ஐபிக்கு

சென்னை,
டிசம்பர் 2009

அன்புள்ள சேகர்,

மதுரை வேலை உனக்குப் பிடித்துப்போனதிலும், அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததிலும் ரொம்ப மகிழ்ச்சி. அம்மாவை நான் விசாரித்ததாகச் சொல்.

சரி, பிரிண்டர்களை மாற்றும்போது என்னென்ன கவனிக்க வேண்டும் என்று நீ கேட்ட விஷயம். எங்கள் அச்சகத்திலும் இப்போது அதே வேலைதான். பிரிண்டர்களை ஆப்பிள்டாக்கிலிருந்து (ஆப்பிளின் பழைய நெட்வொர்க் முறை) ஐபிக்கு (இன்டர்நெட் ஓடும் அதே பொது முறை) மாற்றிக்கொண்டிருக்கிறோம். இனித் தள்ளிப்போட வழியில்லை. இந்த ஆண்டு வந்த மேக்கின் புதிய ஓஎஸ்ஸான ஸ்னோ லெப்பர்டில் ஆப்பிள்டாக்கே கிடையாது.

நீ முதலில் கவனிக்க வேண்டியது எழுத்துரு. ஆப்பிள்டாக்கில் மேக்கும் பிரிண்டரும் இருபக்கமும் பேசிக்கொள்ளும். 'இந்த எழுத்துரு உன்னிடம் இருக்கிறதா?' என்று மேக் கேட்டு, இல்லாததை மட்டும் அனுப்பும். நம் தமிழ் எழுத்துருக்களைப் பிரிண்டரின் ஹார்ட் டிஸ்கில் ஏற்றிவைத்தோமே, அதற்குப் பலன் கிடைத்தது இதனால்தான். ஐபியில் பிரிண்டருக்கு ஃபைல் அனுப்பும் எல்பிஆர் முறையில் இந்தக் கேள்வி பதில் கிடையாது. ஃபைலைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடும். எழுத்துருவைச் சேர்க்காத பழைய செட்டிங்கோடு, அந்த எழுத்துரு இல்லாத பிரிண்டருக்கு ஒரு பக்கம் போனால், தமிழ்த் தலைப்பு கூரியர் எழுத்துருவில் ஆங்கில எழுத்துகளாகக் கொட்டும். அதனால் எழுத்துருவை எப்போதும் சேர்த்தே அனுப்பும்படி மாற்றிவிடு. ஃபைல் கனக்கும்தான், பரவாயில்லை.

பில் அடிக்கும் கணினி பழசா? 1990-ல் எழுதிய எல்பிஆர் விதி, அனுப்பும் கணினி 721 முதல் 731 வரையுள்ள போர்ட்டுகளிலிருந்துதான் (இணைப்புக்கான எண்ணிட்ட வாசல்கள்) அனுப்ப வேண்டும் என்கிறது. மொத்தம் 11. இணைப்பு முடிந்தாலும் போர்ட் உடனே விடுபடாது. விதியை அப்படியே பின்பற்றும் கணினியில் சின்னச் சின்ன பில்களாக மளமளவென்று அனுப்பினால் நடுவில் நின்றுவிடும். அதற்கு மட்டும் எல்பிஆரை விட்டுவிட்டு, பிரிண்டரின் 9100 போர்ட்டுக்கு நேரடியாக அனுப்பு.

அப்புறம் பெயர். மேக்கில் பிரிண்டரைத் தேர்ந்தெடுக்கும் சூசரைத் திறந்தால் பிரிண்டர்கள் பெயரோடு வரிசையாக நிற்குமே, அந்த வசதியை நம் ஆட்களிடமிருந்து பறிக்கக் கூடாது. பக்கம் வடிவமைப்பவர் எதற்கு ஐபி எண்ணை மனப்பாடம் செய்ய வேண்டும்? 2002-ல் வேறு பெயரில் வந்த போன்ஜோர், ஐபியிலும் அதே வசதியைத் தருகிறது. ஆனால் ரவுட்டரைத் தாண்டி அது தானாகப் போகாது. உங்கள் இரண்டு மாடிகளும் தனித்தனி நெட்வொர்க் என்றால் முகவரிகளை வழங்கும் டிஹெச்சிபியில் ஒவ்வொரு பிரிண்டருக்கும் மாறாத முகவரி ஒதுக்கி, பெயரை முகவரியோடு இணைக்கும் டிஎன்எஸ்ஸில் பெயர் போட்டுவிடு. ஆட்கள் ஏற்கெனவே கூப்பிடும் பெயரையே வை.

ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம். பிரிண்டரை நெட்வொர்க்கில் இணைக்கும் ஜெட்டைரக்ட் கார்டு ஆப்பிள்டாக், ஐபி இரண்டு வழியையும் ஒரே நேரத்தில் கேட்கும். ஒவ்வொரு பிரிவாக நகர்த்து. பழைய மேக் ஓஎஸ் 9 கணினிகளையும் எல்பிஆருக்குக் கொண்டுவந்த பிறகு ஆப்பிள்டாக்கை அணை.

ஒவ்வொரு பிரிண்டரிலும் அதன் செட்டிங்குகளைக் காட்டும் கான்ஃபிகரேஷன் பக்கம் எடுத்து அனுப்பு. ஐபி கார்டு இல்லாதது எது என்று பார்த்துச் சொல்கிறேன். பொங்கலுக்கு ஊருக்கு வருவாய்தானே?

அன்புடன்,
முரளி