திரும்பி வரும் முன் செய்ய வேண்டியவை

அன்புள்ள மகளுக்கு,

திரும்பி வருவதென்று முடிவெடுத்துவிட்டாய், சந்தோஷம். போகும்போது விசாவுக்காக ஒவ்வொரு காகிதத்தையும் தேடித் தேடிச் சேர்த்தாய். வரும்போது யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். பலரும் கோட்டை விடுவது அதனால்தான்.

முதல் வேலை, பட்டச் சான்றிதழுக்கு அப்போஸ்டில், அதாவது ஆவணம் உண்மையானது என்று வேறு நாட்டில் ஏற்க வைக்கும் அரசு முத்திரை. ஆவணத்தை வழங்கிய நாடுதான் அந்த முத்திரையைப் போட முடியும். இங்கே வந்தபின் எந்த அலுவலகத்தில் நின்றாலும் நடக்காது. இரு நாடுகளும் 1961 ஹேக் ஒப்பந்தத்தில் இருந்தால் அது ஒன்றே போதும். இல்லையென்றால் தூதரகச் சான்றொப்பமும் வேண்டும், அதற்கு நாள் பிடிக்கும். மதிப்பெண் பட்டியலைப் பல்கலைக்கழகமே ஒட்டி முத்திரையிட்ட உறையில் இரண்டு பிரதி வாங்கிக்கொள். ஆவலில் பிரித்துவிடாதே, பிரித்த உறையைப் பல இடங்களில் ஏற்க மாட்டார்கள்.

வங்கிக் கணக்கை அவசரப்பட்டு மூடாதே. வீட்டு முன்பணம், கடைசிச் சம்பளம், கூடுதலாகப் பிடித்த வரி எல்லாம் பெரும்பாலும் நீ கிளம்பிய பிறகுதான் வந்து விழும். இதில் மாட்டிக்கொள்ளும் இடம் சிம். அதை நிறுத்திவிட்டால் ஓடிபி வராது. எண்ணை மாற்றலாம் என்று போனால் அதற்கான ஓடிபியும் பழைய எண்ணுக்கே போகும். ஆகவே அதே எண்ணைக் குறைந்த கட்டண ப்ரீபெய்டுக்கு மாற்றி, ரோமிங்கில் எஸ்எம்எஸ் வருகிறதா என்று பார்த்துக்கொள். சும்மா கிடந்தால் எண்ணை ரத்து செய்துவிடுவார்கள், அவ்வப்போது ரீசார்ஜ் செய். பல்கலைக்கழக மின்னஞ்சலில் தொடங்கிய கணக்குகளையும் இப்போதே சொந்த முகவரிக்கு மாற்றிவிடு.

வரி விஷயம்: பல நாடுகளில் ஓர் ஆண்டில் 183 நாள் தங்குவதுதான் அங்கே வரி செலுத்துபவராகக் கருதுவதற்கான வரம்பு. ஆண்டின் நடுவில் இடம் மாறினால் இரண்டு நாடுகளுமே உன்னைத் தங்கள் வரி செலுத்துபவராகக் கருதக்கூடும். இரண்டுக்கும் இடையே இரட்டை வரியைத் தவிர்க்கும் ஒப்பந்தம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தேதி குறி.

இனி மனசு. வெளிநாடு போனவர்களின் மனநிலையை 1963-இல் சமூகவியலாளர்களான கல்லஹார்ன் தம்பதி டபிள்யூ எழுத்து வடிவில் விளக்கினார்கள்: போன இடத்தில் ஒரு சரிவு, திரும்பிய இடத்தில் இன்னொன்று. இரண்டாவதுதான் ஆளை நிலைகுலைய வைத்துவிடும், சொந்த ஊரில் சிரமம் வருமென்று யார் எதிர்பார்ப்பார்கள்? "அங்கேயெல்லாம் இப்படி இல்லை" என்ற பேச்சை முதல் வாரம் ரசிப்பார்கள், மூன்றாவது வாரம் முகம் சுளிப்பார்கள். அதைப் பேச அதே வழியில் திரும்பி வந்த ஒருத்தியைப் பிடித்துக்கொள். முதல் ஆறு மாதத்துக்கு "திரும்பவே போய்விடலாமா" என்ற கேள்விக்குப் பதில் தேடாதே.

வேலை நேர்காணலில் அதே கேள்வியை அவர்கள் கேட்பார்கள். "இல்லை" என்று மட்டும் சொன்னால் நம்ப மாட்டார்கள். இங்கே என்ன செய்ய வந்தாய் என்பதை இரண்டு வரியில் சொல்லத் தயாராக இரு.

அன்புடன்,
அம்மா