காணாமல் போன கான்ஃபிக் ஃபைலைப் பற்றி ஒரு வரி சொல்லுங்கள்

டெபியன் லினக்ஸில் மென்பொருள் பேக்கேஜ்களை நிறுவி நீக்கும் டிபிகேஜியையும் (dpkg) அது நிறுவும் பேக்கேஜ்களையும் பராமரிப்பவர்களுக்கு,

வணக்கம். உங்களில் பலர் சம்பளம் இல்லாமல் பார்க்கும் வேலையில்தான் எங்கள் சர்வர்கள் ஓடுகின்றன, அந்த நன்றி என்றும் உண்டு. ஆனாலும் போன வாரம் பட்ட பாட்டுக்கு அப்புறம் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

எனக்கு முன் அந்த சர்வரைப் பார்த்துக்கொண்டவர் ஒரு மெயில் பேக்கேஜை ரிமூவ் செய்துவிட்டு, கான்ஃபிக், அதாவது அமைப்பு ஃபைல்கள் இருக்கும் ஈடிசியில் (/etc) மிச்சமிருந்த அதன் அடைவைக் கையாலேயே அழித்திருக்கிறார். அதே பேக்கேஜை நான் திரும்பப் போட்டேன். அழித்த கான்ஃபிக் ஃபைல்கள் திரும்ப வரவில்லை, அதைப் பற்றி ஒரு வார்த்தையும் வரவில்லை. சர்வீஸைத் தொடங்கினால் கான்ஃபிக் இல்லை என்கிறது, ரீஇன்ஸ்டால் செய்தாலும் அதேதான். கடைசியில், பேக்கேஜின் ஃபைல்கள் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்கும் டிபிகேஜியின் வெரிஃபை கட்டளையை ஓட்டிய பிறகுதான் 'மிஸ்ஸிங்' என்று அத்தனை ஃபைல்களையும் வரிசையாகக் காட்டியது. அதாவது, அதற்கு முதலிலிருந்தே தெரியும்!

அழித்ததும் நிர்வாகியின் முடிவுதான், அதை மதித்துத் திரும்ப வைக்காமல் விடுகிறோம் என்பீர்கள். சரி, அந்த நியாயத்தை நான் மாற்றச் சொல்லவில்லை. ஆனால் புது பதிப்பில் அந்த ஃபைல் மாறியிருந்தால், நீங்களோ ஒரு ஸ்கிரிப்ட்டோ இதை அழித்திருக்கிறீர்கள், என்ன செய்யட்டும் என்று இதே டிபிகேஜி கேட்கிறதே. ஃபைல் மாறாதபோது மட்டும் ஏன் வாயே திறப்பதில்லை? கேள்விகூட வேண்டாம், கேள்வி கேட்டால் தானாக ஓடும் இன்ஸ்டால்கள் நின்றுவிடும். 'இந்த ஃபைல் முன்பு அழிக்கப்பட்டது, அதனால் வைக்கவில்லை, வேண்டுமென்றால் ஃபோர்ஸ்-கான்ஃப்மிஸ் கொடுங்கள்' என்று ஒரே ஒரு வரி போதும் (காணாமல் போன கான்ஃபிக் ஃபைலைத் திரும்ப வைக்கச் சொல்லும் டிபிகேஜி விருப்பம்தான் ஃபோர்ஸ்-கான்ஃப்மிஸ்).

அந்த வரி இல்லாததால் புதிதாக வருகிறவர்களுக்குக் கிடைக்கும் அறிவுரை 'பர்ஜ் செய்துவிட்டுத் திரும்பப் போடு' என்பதுதான், அதாவது கான்ஃபிக் ஃபைல்களோடு முழுதாக நீக்கிவிட்டு நிறுவு என்று. சில பேக்கேஜ்களில் பர்ஜ் என்றால் வார்-லிப் (/var/lib) அடைவில் அந்த புரோகிராம் சேர்த்துவைத்த டேட்டாவும் சேர்ந்து போய்விடும் என்று யார் அவர்களுக்குச் சொல்வது? இன்னொரு கொடுமை, தேடும் ஃபைல் பல நேரம் மெயின் பேக்கேஜில் இருப்பதே இல்லை, 'காமன்' என்று முடியும் வேறொரு பேக்கேஜில் இருக்கும், மெயினை எத்தனை தடவை ரீஇன்ஸ்டால் செய்தாலும் வராது. சில ஃபைல்களை இன்ஸ்டால் முடிவில் ஓடும் ஸ்கிரிப்ட்தான் உருவாக்குகிறது, அங்கே ஃபோர்ஸ்-கான்ஃப்மிஸ்ஸும் உதவாது, அந்த ஃபைல் யாருடையது என்று டிபிகேஜியிடம் கேட்டாலும் பதில் கிடைக்காது. மாதிரி ஃபைலையாவது எடுத்து வைக்கலாம் என்று, பேக்கேஜின் விளக்க ஆவணங்கள் இருக்கும் டாக் அடைவுக்குப் போனால், சின்ன கன்டெய்னர் இமேஜ்களில் இடம் மிச்சம் பிடிக்க அதையும் விட்டுவிடுகிறார்கள். மனிதர் எங்கேதான் போய்த் தேடுவது?

கோபத்தில் வேறு எங்கோ போய்விட்டேன், மன்னியுங்கள். இத்தனையையும் ஒரே நாளில் சரிசெய்யச் சொல்லவில்லை. அழிக்கப்பட்ட கான்ஃபிக் ஃபைலை வைக்காமல் தாண்டிப் போகும்போது அதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகும்படி டிபிகேஜியை மாற்றித் தாருங்கள் என்று தாழ்மையோடு கேட்கிறேன். பேட்ச் எழுதவோ சோதித்துப் பார்க்கவோ ஆள் வேண்டுமென்றால் நான் தயார்.

அன்புடன்,
ஒரு சர்வர் நிர்வாகி