கணக்கு வாத்தியார் ஆகியிருக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

பணி நியமன ஆணையைக் கையில் பிடித்தபடி நீ அனுப்பிய படம் பார்த்தேன். நடுநிலைப்பள்ளி, ஆறு முதல் எட்டு வரை கணக்கு. ரொம்ப சந்தோஷம். படத்துக்குக் கீழே ஒரு கேள்வியும் போட்டிருந்தாய், "கிளாஸை எப்படி டீச்சர் கண்ட்ரோல்ல வெச்சுக்கிறது?" என்று. தகுதித் தேர்வுக்காகக் கல்வி உளவியலை எல்லாம் உருப்போட்ட பிறகும் புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். வாட்ஸ்ஆப்பில் பதில் எழுத ஆரம்பித்தேன், நீண்டுகொண்டே போனது, அதனால் உன்னைப் போல் புதிதாகச் சேர்ந்திருக்கும் மற்றவர்களும் படிக்கட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

சத்தமில்லாத வகுப்பு நல்ல வகுப்பு என்பது வராந்தாவில் நடந்து போகிறவர்களின் அளவுகோல். பிள்ளைகள் எல்லாரும் கை கட்டி, வாய் மூடி உட்கார்ந்திருந்தால் அவர்களுக்கு உன்னிடம் பயம் என்பது மட்டும் உனக்குத் தெரியும், யாருக்கு வகுத்தல் வரவில்லை என்பது தெரியாது. "புரிஞ்சுதா?" என்று கேட்டால் "புரிஞ்சுது சார்" என்று இழுத்து ராகம் போட்டுப் பதில் வரும். அந்த ராகம் உனக்குத் தெரியாததா, நீயும் பாடியவன்தானே. அந்தக் கேள்வியைத் தயவுசெய்து கேட்காதே, அதற்கு 'இல்லை' என்று சொல்லும் தைரியம் எந்தப் பிள்ளைக்கும் கிடையாது.

ஒரு பிள்ளையின் மனசுக்குள் கணக்கு எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் வாத்தியாரின் முதல் வேலை, சொல்லிக்கொடுப்பதெல்லாம் அதற்கு அப்புறம். நான் நம்புவது இவ்வளவுதான்.

52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொல், யாராவது 35 என்று எழுதியிருப்பார்கள். சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போவது சுலபம். பக்கத்தில் உட்கார்ந்து "எப்படிப் போட்டே, சொல்லு" என்று கேட்டுப் பார். "ஏழுலேர்ந்து ரெண்டு போனா அஞ்சு, அஞ்சுலேர்ந்து ரெண்டு போனா மூணு" என்பான். பெரிய எண்ணிலிருந்துதான் சின்ன எண்ணைக் கழிக்கணும் என்று இரண்டாம் வகுப்பில் யாரோ சொன்னதை இன்றைக்கு வரைக்கும் ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறான், அவ்வளவுதான். இவனுக்கு இன்னும் பத்துக் கழித்தல் வீட்டுப்பாடமாகக் கொடுத்தால் பத்தையும் அதே மாதிரிதான் போட்டுக்கொண்டு வருவான். ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி, ஐந்து கட்டும் இரண்டு உதிரிக் குச்சியும் கையில் கொடுத்து, இதிலிருந்து எனக்கு இருபத்தேழு குச்சி வேணும் என்று கேள். ஒரு கட்டைப் பிரிக்காமல் தர முடியாது என்று அவனே கண்டுபிடித்துவிடுவான்.

உன் வகுப்புகளில் இதுவே தசம எண்ணில் வரும். 0.35 பெரிதா 0.5 பெரிதா என்றால் பாதிப்பேர் 0.35 என்பார்கள், 35 ஐந்தைவிடப் பெரிது இல்லையா! முன்பெல்லாம் பைசா வைத்துச் சமாளித்தோம். 25 பைசாவே 2011இல் செல்லாமல் போய்விட்டது, இப்போதைய பிள்ளைகளிடம் பைசாவைப் பற்றிப் பேசினால் அது இன்னொரு பாடமாகிவிடும். மீட்டர் ஸ்கேலை எடு. அரை மீட்டர் எங்கே, 35 சென்டிமீட்டர் எங்கே என்று அவர்களையே தொட்டுக் காட்டச் சொல்.

சரி, பிள்ளைகள் வாயைத் திறந்தால்தானே இதெல்லாம் என்று கேட்பாய். அதற்கு நீ வாயை மூட வேண்டும். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் 1970களில் வகுப்புகளைப் பதிவுசெய்து பார்த்தபோது, கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பதிலுக்குக் காத்திருந்தது சராசரியாக ஒரு விநாடிதான். அதை மூன்று விநாடியாக்கியதும் பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசின. நன்றாகப் படிப்பவர்களுக்குக் கூடுதல் நேரமும் 'வராது' என்று முடிவுகட்டிய பிள்ளைகளுக்குக் குறைந்த நேரமும் ஆசிரியர்கள் தந்தார்கள் என்பதும் அவர் கண்டதுதான். யாருக்கு அதிக நேரம் தேவையோ அவர்களுக்கே குறைவு. மூன்று விநாடி என்பது வகுப்பில் நிற்கும்போது யுகமாகத் தெரியும், வாய் தானாகத் திறந்து பதிலைச் சொல்லப் பார்க்கும். பொறுத்துக்கொள். முதல் பெஞ்சில் கை தூக்கியவனையும் கொஞ்சம் பொறுக்கச் சொல்.

பிள்ளைகள் அவரவர் வேகத்தில் அட்டைகளை வைத்துப் படிப்படியாகப் படிக்கும் செயல்வழிக் கற்றல் முறை 2003 வாக்கில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007இல் மாநிலம் முழுக்க வந்தது. அட்டைகள், ஏணிப்படி, பாய், பிள்ளைகள் எழுதத் தாழ்வான கரும்பலகை. அதைப் பற்றி ஊரில் ஆயிரம் குறை சொல்வார்கள், பாதி நியாயமும்கூட. அட்டைகள் கிழிந்தன, எந்தப் பிள்ளை எந்தப் படியில் என்று குறிப்பதே ஒரு வேலையாகிப் போனது. ஆனால் எங்களைத் தரையில் உட்கார வைத்தது அதுதான். பிள்ளை எழுதும்போது பக்கத்தில் இருந்து பார்த்தால் எந்த இடத்தில் பென்சில் தயங்குகிறது என்று தெரியும், நோட்டைக் கட்டாக அடுக்கித் திருத்தும்போது அது தெரியாது.

அடிப்பதைப் பற்றி நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. பிரம்பைக் கீழே வைத்த பல பேர் நாக்கைக் கீழே வைக்கவில்லை. 'மக்கு' என்று ஒருவனைச் சொன்னால் அவன் மட்டுமா வாயை மூடுகிறான், கேட்டுக்கொண்டிருக்கும் மற்றவர்களும்தான்.

பாடம் முடிக்க வேண்டும், எமிஸ் என்ற அரசு இணையதளத்தில் பிள்ளைகளின் விவரங்களைப் பதிவது, பயிற்சி, தேர்தல் வேலை என்று நேரமே இருக்காது, தெரியும். எல்லாரிடமும் தினமும் "எப்படிப் போட்டே" என்று கேட்கச் சொல்லவில்லை. முதல் வாரம் மட்டும் ஆறாம் வகுப்பில் கழித்தல், வகுத்தல், ஒரு பின்னக் கணக்கு கொடுத்து, மதிப்பெண் போடாமல் விடைத்தாள்களைப் படி. ஒரே மாதிரி தவறு செய்தவர்களை ஒன்றாக உட்கார வைத்துப் பேசு. சத்தம் வரும். கணக்கைப் பற்றிய சத்தம் என்றால் விட்டுவிடு, தலைமை ஆசிரியர் எட்டிப் பார்த்தால் உள்ளே கூப்பிட்டு உட்கார வை.

வித்தியாசமான தவறு எதுவும் மாட்டினால் படம் எடுத்து அனுப்பு. என்னிடம் இப்போது ஒன்று இருக்கிறது. 1/2ஐயும் 1/3ஐயும் கூட்டி 2/5 என்று எழுதிய ஒரு சின்னப் பெண்ணிடம் காரணம் கேட்டேன். "முதல் டெஸ்ட்ல ரெண்டுக்கு ஒண்ணு சரி, அடுத்ததுல மூணுக்கு ஒண்ணு சரி, மொத்தம் அஞ்சுக்கு ரெண்டுதானே டீச்சர்?" என்றாள். அவளுக்கு நீ என்ன சொல்வாய்? யோசித்து எழுது, நான் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய கணக்கு டீச்சர்